கரை திரும்பும் நாள்: அல் கஃப்பால் பாய்மரப் போட்டி நமக்கு உணர்த்துவது

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



ஆண்டுதோறும் மே அல்லது ஜூன் மாதத்தில் அரபு வளைகுடாவில் பாய்மரப் போட்டி ஒன்று நடைபெறுகிறது. ‘அல் கஃப்பால்’ என்பது அதன் பெயர். ஷார்ஜாவுக்கு உரிய ஸீர் அபூ நுஐர் என்னும் சிறு தீவிலிருந்து புறப்பட்டுத் துபாயின் கரையை அடைய வேண்டும். இடைப்பட்ட தொலைவு 50 கடல் மைலுக்கும் மேல். நம் கணக்கில் 90 கிலோமீட்டருக்குக் குறையாது. போட்டியிடும் கலம் ஒவ்வொன்றும் 60 அடி நீளமுள்ளது. ஏறத்தாழ நூறு கலங்கள் வரிசையாக நின்று, அடையாளம் காட்டப்பட்டதும் வெள்ளைப் பாய்களை உயர்த்தும் காட்சியை நம்மில் பலர் காணொளியிலேனும் கண்டிருப்போம். எஞ்சின் ஓசை அங்கே இல்லை. காற்றும் பாயும் கயிறும் மனிதரின் கைகளுமே அக்கலங்களை நகர்த்துகின்றன.

1991ஆம் ஆண்டு மர்ஹூம் ஷேக் ஹம்தான் பின் ராஷித் ஆல் மக்தூம் அவர்களின் முயற்சியால் இப்போட்டி தொடங்கப்பட்டது. 2021இல் அவர்கள் வஃபாத்தான பின்னரும் அது தொடர்ந்து நடைபெற்று வருகிறது. அக்கரையில் நடக்கும் ஒரு விளையாட்டைப் பற்றித் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏன் சிந்திக்க வேண்டும் என்னும் வினா எழலாம். அந்தக் கடலை நோக்கி நிற்கும் நகரங்களில்தான் நம் வாப்பாமாரும் காக்காமாரும் மருமகன்மாரும் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். அப்போட்டி எதை நினைவுகூர்கிறதோ, அதுவே நம் வீடுகளில் குறைந்துகொண்டும் வருகிறது. ஆகவேதான் இக்கட்டுரை.

போட்டியும் மார்க்கமும்

முதலில், இத்தகைய போட்டிகளைப் பற்றி நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் வினாவுக்குச் சுருக்கமாக விடை கூறிவிடுவோம்.

உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்குத் துணிவும் தரும் போட்டிகளை இஸ்லாம் வெறுக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதும், பயிற்சி அளிக்கப்பட்ட குதிரைகளுக்கு ஒரு தொலைவும் பயிற்சி பெறாதவற்றுக்கு வேறொரு தொலைவும் வகுத்ததும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளன. அவர்களின் ‘அள்பா’ என்னும் ஒட்டகத்தை ஒரு கிராமவாசியின் இளம் ஒட்டகம் முந்திச் சென்றபோது ஸஹாபாக்கள் மனம் வருந்தினர். உலகில் உயர்ந்து நிற்கும் எதையும் அல்லாஹ் ஒருநாள் தாழ்த்தாமல் விடுவதில்லை என்று கூறி அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஆற்றினார்கள். தோற்றவர் கசப்படையாமலும் வென்றவர் செருக்குறாமலும் இருக்க இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

பரிசைப் பொறுத்தவரையில் ஃபுகஹாக்கள் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றையும் குறிப்பிடும் நபிமொழியை வைத்துப் பந்தயப் பணம் எவற்றில் கூடும் என்று விவாதித்துள்ளனர். நம் கடற்கரை ஊர்களில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களில் போர்ப் படகுகளைக் கொண்டு பந்தயம் நடத்துவது பற்றியும் இரண்டு கருத்துகள் பதிவாகியுள்ளன. போட்டியாளர் அனைவரும் பணம் கட்டி, வென்றவர் அதை அள்ளிச் செல்வது சூதாட்டமாகும். போட்டியில் கலந்துகொள்ளாத ஆட்சியாளரோ செல்வந்தரோ அன்பளிப்பாக வழங்கும் பரிசின் நிலை வேறு. கரையில் நின்றுகொண்டு ‘எந்தப் படகு வெல்லும்’ என்று பணம் வைப்பது ஹராம் என்பதில் ஐயமில்லை. தொழுகை நேரம் தவறிப்போகாமலும் உயிருக்கு ஆபத்து நேராமலும் பார்த்துக்கொள்வது எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவான நிபந்தனை. நுட்பமான விவரங்களை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

பெயருக்குள் இருக்கும் பொருள்

போட்டியின் பெயரைக் கவனிப்போம். ‘கஃபல’ என்னும் அரபு வினைக்குப் பயணத்திலிருந்து திரும்பினான் என்பது பொருள். நபி (ஸல்) அவர்கள் போரிலிருந்தோ ஹஜ்ஜிலிருந்தோ உம்ராவிலிருந்தோ திரும்பும் வழியில் மேடான இடங்களில் தக்பீர் கூறியதை அறிவிக்கும் ஹதீஸிலும் இந்த வினையே வருகிறது. நம் மக்களுக்குப் பழக்கமான ‘காஃபிலா’ என்னும் சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். புறப்பட்டுச் செல்லும் பயணக் கூட்டத்திற்கும் ‘திரும்பி வருவது’ என்னும் பொருளில் பெயர் சூட்டப்பட்டிருப்பது எதனால்? சென்றவர்கள் நலமாகத் திரும்ப வேண்டும் என்னும் நல்லெண்ணத்தால்தான் என்று அரபு அகராதி ஆசிரியர்கள் விளக்குகின்றனர். வாசலைத் தாண்டும்போதே திரும்புதலை நினைவூட்டும் பெயர் அது.

வளைகுடாவில் எண்ணெய் கிடைப்பதற்கு முன்பு, அக்கரை மக்களின் முதன்மையான வருவாய் முத்துக்குளித்தல். ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் இறுதி வரை நான்கு மாத காலம் ஆண்கள் கடலிலேயே கிடப்பர். பருவம் முடிந்து எல்லாக் கலங்களும் கரை திரும்பும் நாளே ‘கஃப்பால்’. அவரவர் விரும்பிய நாளில் கலைந்து வரும் வழக்கம் இல்லை. துறைமுகங்கள் பலவற்றில் ‘ஸர்தால்’ எனப்பட்ட தலைவர் அடையாளம் காட்டுவார். அதைக் கண்டு மற்றக் கலங்களும் பாய் விரிக்கும். ஸீர் அபூ நுஐர் தீவு அக்கலங்கள் ஒதுங்கி இளைப்பாறிய இடங்களுள் ஒன்று. இன்றைய போட்டி அங்கிருந்து தொடங்குவது அதனால்தான்.

போட்டியின் பாதை நமக்கு ஒன்றைச் சொல்கிறது. முத்துத் தேடிப் புறப்படும் பயணத்தை அம்மக்கள் போட்டியாக்கவில்லை. அதிக முத்து எடுத்தவர் யார் என்பதையும் ஆக்கவில்லை. வீட்டை நோக்கி விரையும் இறுதிப் பயணத்தையே தேர்ந்தெடுத்தனர். நான்கு மாத உழைப்பில் அவர்களின் நினைவில் தங்கிய இன்பம் அந்த ஒரு நாள்தான் என்று இதிலிருந்து விளங்குகிறது.

பாய்க்குப் பின்னால் இருந்த வாழ்வு

அந்த நாள் ஏன் அவ்வளவு இனித்தது என்பதை அறிய, அதற்கு முந்தைய நாட்களை அறிய வேண்டும்.

கலத்தின் தலைவர் நாகுதா. கடலடிக்குச் செல்பவர் ‘ஃகைஸ்’. மேலே நின்று கயிற்றைப் பிடித்து அவரை இழுத்தெடுப்பவர் ‘ஸைப்’. களைத்த உள்ளங்களுக்குத் தெம்பூட்டப் பாடுபவர் ‘நஹ்ஹாம்’. குளிப்பவர் மூக்கில் கொம்பாலான இடுக்கியை மாட்டிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டிக் கீழே இறங்குவார். கழுத்தில் தொங்கும் வலைக்கூடையில் சிப்பிகளைச் சேர்ப்பார். மூச்சு முட்டும் தறுவாயில் கயிற்றை அசைப்பார், மேலிருப்பவர் இழுத்தெடுப்பார். சற்று மூச்சு வாங்கியதும் மறுபடியும் இறங்க வேண்டும். காலை முதல் மாலை வரை இதே வேலை. பேரீச்சம்பழமும் காப்பியும் மீனும் சோறுமே உணவு. குடிநீருக்கும் அளவு உண்டு. காதும் கண்ணும் கெட்டவர் பலர். சுறாவுக்கு இரையானவரும் உண்டு.

மேலே நிற்பவரின் கவனம் ஒரு நொடி பிசகினாலும் கீழே இருப்பவரின் உயிர் போய்விடும். ஒருவரின் மூச்சு இன்னொருவரின் கையில் இருந்த தொழில் அது. நம்பிக்கை, அமானத் என்னும் சொற்களுக்கு அதைவிடத் தெளிவான விளக்கத்தை மாணவர்களுக்கு நாம் எங்கே காட்ட முடியும்?

கரையில் பெண்கள் காத்திருந்தனர். நான்கு மாதங்கள் வீட்டையும் பிள்ளைகளையும் முதியோரையும் அவர்கள் தனியே சுமந்தனர். கஃப்பால் நாள் நெருங்கினால் கரைக்கு வந்து, தம் ஆண்களைப் பிடித்துவைத்திருக்கும் கடலையே கண்டித்துப் பாடும் வழக்கம் சில துறைமுகங்களில் இருந்தது. கடலுக்கு ஏது குற்றம்? காற்றும் அலையும் அல்லாஹ்வின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவை. அவன் நாடினால் காற்றை நிறுத்திவிடுவான், கலங்கள் கடலின் மேற்பரப்பில் அசையாது நின்றுவிடும் என்று அஷ்ஷூரா அத்தியாயத்தின் 33ஆம் வசனம் உணர்த்துகிறது. இன்றும் காற்று ஒத்துவராத ஆண்டுகளில் அல் கஃப்பால் போட்டியைத் தள்ளிவைக்கின்றனர். எத்தனை செல்வம் இருந்தாலும் ஒரு பாயை நிரப்பும் காற்றை விலைக்கு வாங்க இயலாது. எனினும் அப்பெண்களின் பாட்டில் இருந்த வேதனையை நாம் புரிந்துகொள்கிறோம். நம் உம்மாமாரும் அதே வேதனையைப் பாடாமல் சுமந்தவர்களே.

கடன் என்னும் நங்கூரம்

போட்டி நாளின் ஒளியில் தெரியாத ஒன்று உண்டு. அது கடன்.

பருவம் தொடங்குமுன் நாகுதா தம் ஆட்களுக்கு முன்பணம் கொடுப்பார். வீட்டில் விட்டுச் செல்லும் குடும்பத்தின் நான்கு மாதச் செலவுக்கு அதுதான் ஆதாரம். நாகுதாவோ வணிகரிடம் கடன்பட்டிருப்பார். பருவம் முடிந்து முத்து விற்றதும், செலவு போக மீதியைப் பங்கிடுவர். குளிப்பவரின் பங்கு முன்பணத்தைக் கட்டப் போதாவிட்டால், பாக்கி அடுத்த பருவத்திற்கு ஏறும். பாக்கி தீராதவர் வேறு நாகுதாவிடம் செல்ல முடியாது. தந்தை இறந்தால் அவரின் கடனுக்காக மகன் கடலில் இறங்க நேர்ந்ததும் உண்டு. கஃப்பால் முடிந்து சில நாட்களிலேயே, கடன் நெருக்கும் சிலர் மறுபடியும் கடலுக்குச் சென்றனர். ‘திரும்பச் செல்லுதல்’ என்னும் பொருளில் அதை ‘ரத்தா’ என்றனர்.

இது புதிதாகத் தோன்றிய நோயன்று. 14ஆம் நூற்றாண்டில் வளைகுடாவின் முத்துக்குளித்தலைப் பற்றி எழுதிய இப்னு பதூதா, குளிப்போரில் பெரும்பாலோர் வணிகர்களிடம் கடன்பட்டிருந்ததையும், அவர்கள் எடுத்த முத்து அக்கடனுக்கே சென்றதையும் குறிப்பிடுகிறார். 600 ஆண்டுகளுக்குப் பின், 1920களில், பஹ்ரைனில் குளிப்போரின் கணக்குகளை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்னும் சீர்திருத்தம் வந்தது. 1932இல் அங்கே முன்பணம் குறைக்கப்பட்டபோது கிளர்ந்தெழுந்தவர்கள் யார் தெரியுமா? அக்கடனால் நசுங்கிய குளிப்போரே! கடன் பழகிவிட்டால், அது குறைக்கப்படுவதே கொடுமையாகத் தோன்றும். அது இல்லாமல் ஒரு மாதமும் நகராது என்னும் நிலைக்கு வீடு வந்துவிடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையிலேயே பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். இரண்டையும் ஒரே துஆவில் இணைத்ததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய்யுரைக்கவும் வாக்களித்தால் மாறவும் நேரிடுகிறது என்று விளக்கினார்கள். கடன் பையை மட்டும் காலியாக்குவதில்லை, நாவையும் கெடுத்துவிடுகிறது.

ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து அத்தொழிலைச் சாய்த்தன. பின்னர் எண்ணெய் வந்தது. அக்கரையின் மக்கள் கடலிலிருந்து கரையேறினர்.

நம் கரையும் அக்கரையும்

அம்மக்கள் கரையேறிய இடத்தில் இப்போது நிற்பவர்கள் நம்மவர்கள். இவ்வாறு கூறுவது மிகையன்று. இரு கரைகளின் உறவு மிகப் பழையது.

காயல் துறைமுகத்தின் முத்தும், அங்கே வளைகுடாவிலிருந்து வந்து இறங்கிய குதிரைகளும் மார்கோ போலோவின் குறிப்புகளில் பேசப்படுகின்றன. மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துச் சலாபங்களில் கீழக்கரை முஸ்லிம்கள் பெயர்பெற்ற குளிப்போராக இருந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிக் கரையில் சலாபம் கூடியபோது, வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளிப்போரும் நம்மவரும் ஒரே கடலில் மூழ்கினர்.

மொழியும் இதற்குச் சாட்சி. அரபுக் கலங்களில் தலைவரைக் குறித்த ‘நாகுதா’ நம் கரையிலும் ‘நகுதா’ என வழங்கியது. கப்பல் செலுத்துபவரைத் தமிழில் ‘மாலுமி’ என்கிறோம்; அச்சொல் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மதரஸாவில் பாடம் சொல்பவருக்கும் கடலில் வழி சொல்பவருக்கும் ஒரே பெயர் இருந்திருக்கிறது. இருவரின் கடமையும் ஒன்றே: புறப்பட்டவரைப் பத்திரமாகக் கரை சேர்ப்பது. அந்தக் கடமையை எண்ணியே இதை எழுதுகிறோம்.

நாள் குறிக்கப்படாத பயணங்கள்

முத்துக்குளித்தவரின் வாழ்வு கொடியது. ஆயினும் அவருக்கு இருந்த ஒன்று இன்றைய நம் சபுராளிகள் பலருக்கு இல்லை: கஃப்பால். எத்தனை கடன் இருந்தாலும் நான்கு மாதம் முடிந்தால் கலம் வீடு திரும்பும். மனைவி நாட்களை எண்ண முடிந்தது. பிள்ளைகள் பாய் தெரியும் திசையைப் பார்த்து நிற்க முடிந்தது.

நம் வீடுகளில் நிலைமை என்ன? ‘இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று புறப்பட்டவர் இருபது வருடம் கழித்து, சர்க்கரை நோயும் மூட்டு வலியும் சுமந்து வருகிறார். இடையில் இரண்டு வருடத்திற்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. அந்த இரண்டு மாதமும் திருமண வீடுகளுக்கும் மருத்துவமனைக்கும் கொத்தனாருக்கும் செலவாகிவிடுகின்றன. நம் மதரஸாக்களில் பிள்ளைகளிடம் ‘வாப்பா எப்போது வருவார்?’ என்று கேட்டால் பெருநாளைச் சொல்வார்கள். எந்த ஆண்டின் பெருநாள் என்று கேட்டால் விடை வராது. கைப்பேசித் திரையில் முகம் காண்கிறார்கள் என்பது உண்மையே. காய்ச்சல் கண்ட இரவில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கையைத் திரை தருவதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் சென்றபோது, போருக்குச் சென்ற கணவரின் பிரிவால் வாடும் பெண்ணின் குரலைக் கேட்டார்கள். கணவரைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் கேட்டறிந்து, அதற்கு மேல் படைவீரர்களைக் குடும்பத்தை விட்டுப் பிரித்துவைக்கக் கூடாது என்று ஆணையிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. அது போர்க்காலம், எல்லை காக்கும் கடமை. அப்படியிருந்தும் ஒரு பெண்ணின் மனம் அரசாணையை மாற்றியது. நாம் இரண்டு ஆண்டுகளைச் சாதாரணமாகக் கடக்கிறோம்.

பயணம் வேதனையின் ஒரு கூறு என்றும், அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் கெடுக்கிறது என்றும், சென்ற காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். ‘காரியம் முடிந்ததும்’ என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. காரியம் எது என்று முடிவு செய்யாமல் புறப்பட்டவருக்கு அது முடிவதே இல்லை.

மறுப்போருக்கு ஒரு சொல்

‘தேவையில்லாமலா போகிறார்கள்? வளைகுடாப் பணம் இல்லாவிட்டால் ஊரில் என்ன இருக்கிறது?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நம் ஊர்களில் பல பள்ளிவாசல்களின் தூண்களிலும் மதரஸாக்களின் கூரைகளிலும் சபுராளிகளின் வியர்வை இருக்கிறது. தங்கைகளைக் கரைசேர்த்தவர்கள் அவர்கள். உம்மாவின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் அனுப்பியவர்கள் அவர்கள். ஹலாலான உணவைத் தேடிப் பூமியில் நடமாடுவது வணக்கத்திற்கு நிகரானது. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் தன் அருட்கொடையாகவே குர்ஆனில் நினைவூட்டுகிறான்.

பயணத்தை நாம் குறை கூறவில்லை. அப்பயணம் பருவத்தோடு பெயரிடப்பட்டிருப்பதைச் சுட்டுகிறோம். குளிர்காலப் பயணம், கோடைகாலப் பயணம் எனும்போதே பருவம் மாறினால் வீடு திரும்புவர் என்பது அடங்கிவிடுகிறது.

நம் பயணங்களிலிருந்து அந்த எல்லையைப் பறித்தது எது? உணவும் உடையும் பறிக்கவில்லை. நம் கணக்குப் புத்தகத்தை நேர்மையாகத் திறந்தால் விடை தெரியும். விசாவுக்கு வட்டிக்கு வாங்கிய கடன். அது தீருமுன் பக்கத்து வீட்டைப் பார்த்து எழுப்பிய மாடி. மகளின் நிக்காஹில் ஊர் மெச்ச வைத்த விருந்து. மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்கும் கைக்கூலி. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. பெண்ணுக்குப் பாதுகாப்பான கூரை அமைவது நல்லதே. அதுவே திருமணத்தின் நிபந்தனையாக மாறிவிட்டால், மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீட்டுக்கும் சேர்த்துத் தம் ஆயுளைக் கொடுக்கிறார். அன்று முன்பணம் கொடுத்துப் பிடித்துவைத்தவர் நாகுதா. இன்று அந்தப் பிடியைச் சொந்த பந்தமும் ஊர் வழக்கமும் எடுத்துக்கொண்டன.

வீடுதோறும் ஒரு கஃப்பால்

இந்நிலை மாற, நம்மால் இயன்ற சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, புறப்படுமுன் உட்கார்ந்து எழுதுங்கள். எதற்காகப் போகிறோம், எவ்வளவு சேர்க்க வேண்டும், எந்த ஆண்டு திரும்புவோம் என்பதைக் கணவனும் மனைவியும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதிவைப்பது பற்றியது (2:282). பணத்தை எழுதச் சொன்ன மார்க்கம், அந்தப் பணத்திற்காகச் செலவாகும் ஆயுளைக் கணக்கில்லாமல் விடச் சொல்லுமா? நாம் நாள் குறிப்பது ‘இன்ஷா அல்லாஹ்’ என்னும் பணிவோடுதான். காற்று அவன் கையில். ஆனால் நாளே குறிக்காதவன் காற்றைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது, வட்டியில் தொடங்கும் பயணத்தைத் தவிருங்கள். ஜமாஅத்தின் பைத்துல்மாலும் வசதி படைத்தோரும் வட்டியில்லாக் கடனை, கர்ழே ஹஸனாவை, இளைஞர்களின் முதல் பயணத்திற்கும் உள்ளூர்த் தொழிலுக்கும் வழங்க முன்வர வேண்டும். பத்து இளைஞர்களை வட்டியிலிருந்து காப்பது ஒரு மினாராவை உயர்த்துவதைவிடக் குறைந்த நன்மையன்று.

மூன்றாவது, ஊரில் இருப்போருக்கு. மேலே நிற்பவர் கயிற்றைப் பிடித்திருந்ததால்தான் கீழே இருந்தவர் பிழைத்தார். கடலடியில் இருப்பவர் கயிற்றை அசைத்தும் மேலிருப்பவர் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? ‘உடம்பு முடியவில்லை, வந்துவிடட்டுமா?’ என்று கேட்கும் குரலும் அப்படி ஒரு கயிற்றசைவே. ‘இன்னும் ஒரு வருடம் இருங்கள், மாடி வேலை முடியட்டும்’ என்று சொல்லுமுன் சற்றே யோசியுங்கள். அவர் எவ்வளவு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.

நான்காவது, ஜமாஅத்துகளுக்கு. திருமண விருந்துக்கும் சீர் வரிசைக்கும் எல்லை வகுங்கள். முத்துக் கலங்கள் ஒன்றாகத் திரும்பியது தலைவர் அடையாளம் காட்டியதால்தான். தனியொரு குடும்பம் செலவைக் குறைத்தால் ‘கஞ்சன்’ என்று ஏசப்படும். ஊரின் தலைவரும் செல்வந்தரும் தம் வீட்டு நிக்காஹை எளிமையாக நடத்தினால், ஏழைக்கு வழி பிறக்கும்.

ஐந்தாவது, திரும்பி வருபவரை வரவேற்கக் கற்றுக்கொள்வோம். நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். நீண்ட நாள் பிரிந்திருந்தவர் முன்னறிவிப்பின்றி இரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதைத் தடுத்தார்கள். வீட்டிலுள்ளோர் தம்மைச் சீர்படுத்திக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதற்காக. திரும்புதலுக்கு இத்தனை மென்மையான ஒழுக்கங்களைக் கற்பித்த மார்க்கம் நம்முடையது. நாமோ வந்தவரின் முகத்தைப் பார்க்குமுன் பெட்டியைப் பார்க்கிறோம். விடுமுறைக்கு வந்தவரிடம் முதல் கேள்வியாக ‘எப்போது திரும்பப் போகிறீர்கள்?’ என்று கேட்கிறோம். அவர் எங்கே திரும்ப வேண்டும்? இதுதானே அவர் வீடு!

நிரந்தரமாக வந்துவிட்டவரைத் தோற்றவராக நோக்கும் பார்வையும் ஒழிய வேண்டும். அல் கஃப்பால் போட்டியில் எல்லைக்கோடு இருப்பது ஊர்க்கரையில். முதலில் வீடு சேர்ந்தவருக்கே அங்கே பரிசு. நம் ஊர்த் தெருக்களிலோ, சீக்கிரம் வீடு திரும்பியவரைப் பார்த்து ‘என்ன, வேலை போய்விட்டதா?’ என்று கேட்கின்றனர்.

அக்கரை மக்கள் தம் ஏழை முன்னோரின் களைத்த பயணத்தை மறக்காமல், அதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றனர். பஹ்ரைனின் முஹர்ரக் நகரில் முத்துக்குளித்தலின் சின்னங்கள் 2012இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. நம் பிள்ளைகளும் தம் வாப்பாவின், பாட்டனாரின் பயணங்களை அறியட்டும். எந்த அறையில் எத்தனை பேருடன் தங்கினார், என்ன வெயிலில் நின்றார், எந்தக் கடனுக்காகச் சென்றார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதை அறிந்த பிள்ளை பணத்தை வீணாக்காது. அறிந்த மகன் தன் நிக்காஹுக்குக் கைக்கூலி கேட்க நாணுவான்.

இவ்வாண்டு உங்கள் வீட்டிலிருந்து யாரேனும் பயணம் புறப்படுவதாக இருந்தால், பெட்டி கட்டுமுன் ஒரு தாளை எடுத்துத் திரும்பும் நாளை எழுதுங்கள். அதைப் பிள்ளைகளின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

யா அல்லாஹ்! கடலிலும் கரையிலும் எங்களைச் செலுத்துபவன் நீயே. பயணத்தில் இருக்கும் எங்கள் சகோதரர்களைக் காப்பாயாக! அவர்களின் கடன்களைத் தீர்த்துவைப்பாயாக! ஹலாலான உணவை ஊரிலேயே எங்களுக்கு விசாலமாக்குவாயாக! அவர்களை நலத்தோடும் கண்ணியத்தோடும் தம் குடும்பத்தாரிடம் கொண்டுவந்து சேர்ப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.